மாப்பிள்ளைக் குளம்

தென்னவராயன்குடியில் பால் தயிராக மறுத்தது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். எல்லா வீட்டிலும் எப்போதும் போலப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு மூடித்தான் வைத்தார்கள். விடிந்து திறந்தால் பால் பாலாகவே இருந்தது. பால்காரர் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்றது மேலத்தெரு, மோரில்தான் கோளாறு என்றது கீழத்தெரு, இரண்டு தெருவும் அதற்காகக் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டன. புதன்கிழமை இட்லி மாவு பொங்கவில்லை. பொங்காவிட்டால் போகிறது என்று வியாழக்கிழமை இட்லி ஊற்றியவர்கள் அதைத் தின்ன முடியாமல் கோழிக்குப் போட்டார்கள், கோழியும் ஒரு கொத்து கொத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை வைத்த குழம்பு அடுத்த வெள்ளிக்கிழமையும் அன்று வைத்தது போலவே இருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வது போலத்தான். வாய்க்கால் மதகைத் தாண்டிச் சித்தாம்பூர் எல்லைக்குள் கொண்டுபோய் வைத்தால் மாவு பொங்குகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சாயங்காலமானால் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மதகைக் கடந்து, சித்தாம்பூர் பேருந்து நிழற்குடையில் வரிசையாக வைத்து, மூடிமேல் நகப்பூச்சால் பெயர் எழுதி, நாளுக்கு இரண்டு பேர் என்று முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை மாவு ஸ்டாப் என்று கூவத் தொடங்கினார்கள். அங்கே வைத்து இரண்டு கல்யாணம் பேசி முடிந்தது. பிடாரியம்மனுக்குப் போட்ட மாலை வாடவில்லை, வாடாத மாலையைக் கழற்றப் பூசாரிக்குக் கை வரவில்லை, பூ விற்றவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். குப்பைக்குழியில் போட்ட சாணம் எருவாகாமல் சாணமாகவே கிடந்தது. வைக்கோலில் போட்ட மாங்காய் மாங்காயாகவே இருந்தது. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணில் சீழ் வைக்கவில்லை, அந்தச் சேதி பரவி அக்கம்பக்கத்துக்காரர்கள் கட்டுப்போட்ட காலோடு வந்து உறவுக்காரர் வீட்டில் ஒரு வாரம் பத்து நாள் தங்கிப் போனார்கள், ஊருக்கு அதில் ஒரு பெருமையும் வந்து சேர்ந்தது. நல்லதும் கெட்டதும் சரிக்குச் சரி என்று பேசிக்கொண்டார்கள். கெடாத குழம்பைக் கொட்டவும் மனசு வராமல், ஒன்பது நாளாக அதையே தின்று சலித்த பெண்கள் மட்டும் அப்படிப் பேசவில்லை.

காரணம் சாருமதிக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் அவளுக்கு மாதாமாதம் சம்பளமே. பதினெட்டு மைல் தள்ளி நகரத்தில் இருந்த மீன் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். வளர்ப்பு மீனின் சதையில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நோன்புக்குச் செய்வார்களே கடல்பாசி, அதைப் போல ஒன்றைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதில் கிருமியை விதைத்து, நடுவில் மீன் சதையை மிளகளவு வெட்டி வைத்து, சூடான பெட்டிக்குள் மூடி விடுவாள். மறுநாள் பார்த்தால் கிருமி வளர்ந்து தட்டு முழுக்க மங்கியிருக்கும். சதையில் மருந்து இருந்தால் மட்டும் அதைச் சுற்றிக் கிருமி அண்டாமல், நிலா கோட்டை கட்டியது போலத் தெளிவாக ஒரு வட்டம் விழும். கூடத்தில் அதற்குக் கோட்டை என்றே பெயர். கோட்டை கட்டிவிட்டால் அந்தப் பண்ணையின் மீன் சந்தைக்குப் போகக்கூடாது, குளத்தை வடித்துக் காயப்போட வேண்டும்.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் மீன் ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் கோட்டை கட்டியதில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் போட்டு ஏமாந்த பிறகு ஊரார் வயலை வெட்டிப் பன்னிரண்டு குளமாக்கியிருந்தார்கள், கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார்கள். மார்கழிக் குளிரில் மீனுக்குச் சிவப்புப் புண் வரும். புண் வந்தால் மருந்து, புண் வராமல் இருக்கவும் மருந்து, பக்கத்துக் குளத்துக்கு வந்தால் பயத்துக்கு மருந்து. அவள் புருஷன் நீலமேகம்தான் பதினோரு குளத்துக்கும் மருந்து கலக்கியவன். கஞ்சி காய்ச்சி, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, தீவனத்தோடு சேர்த்து முழங்கை முட்ட வெறுங்கையால் பிசைந்து, தெர்மாகோல் தெப்பத்தில் போய் வீசிவிட்டு வருவான். இந்த மார்கழியில் புண் கடுமையாக இருந்ததால் இரண்டு பங்காகப் பிசைந்தான்.

பன்னிரண்டாவது குளம் மாப்பிள்ளைக் குளம். நீலமேகத்தின் அண்ணனும் மீன்வளர்ப்போர் சங்கத் தலைவருமான கலியமூர்த்தியின் வீட்டு வாசலில் இருந்தது அது. அதில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தவிர வேறெதுவும் விழாது. வெளியூர்க்காரர் வந்தால் அந்தக் குளத்தைத்தான் காட்டுவார்கள், மாதிரி எடுக்க அதிகாரி வந்தால் அதில்தான் வலை வீசுவார்கள், மற்ற நாளில் அதை யாரும் தொடமாட்டார்கள். வேலை செய்யாமல் நல்ல தீனி தின்றுகொண்டு வருகிறவர் போகிறவருக்குக் காட்சி கொடுப்பதால் அந்தப் பெயர். கல்யாணமான புதிதில் நீலமேகம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சாருமதியும் சிரித்தாள். கூடத்துக்கு வரும் மாதிரியில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் தவிடு தின்ற கட்லாவின் மஞ்சள் பூத்த வயிற்றைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். கத்தியை வைப்பாள், தட்டைப் பார்ப்பாள், 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். 'இல்லை' என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. கண்டறியப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்பது வருஷம் சௌகரியமாகக் குடியிருந்தாள்.

தயிர் உறையாத முதல் வாரத்திலேயே அவள் நீலமேகத்திடம் கேட்டாள்.

"என்னங்க, இது மருந்தோட வேலைதானே?"

"மருந்துன்னா நல்லதுதானேடி. நல்லதுக்குத்தானே மருந்துன்னு பேர் வச்சிருக்கான்?"

அந்த ஊரில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, மனசு வெறுத்தவன் குடித்துவிட்டு விழுவதும் மருந்து. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரிடமும் வழக்காடி ஜெயிக்க முடியாது. அவள் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மதகுக்குக் கிளம்பினாள்.

பங்குனி மூன்றாம் தேதி, வெயில் ஏறும் நேரத்தில், ஏழாம் குளத்தின் நடுவில் தெப்பத்தில் உட்கார்ந்து தீவனம் வீசிக்கொண்டிருந்த நீலமேகம் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தான். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தொரு வயது. அவனுக்குப் பிள்ளை இல்லை. தம்பிக்கு அண்ணன் கொள்ளி வைப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் குவைத்தில் இருக்கும் கடைசித் தம்பி குமரவேல் வந்தாக வேண்டும். குமரவேலின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று போனில் அழுதான். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியனுப்பினார்கள், பெட்டி வந்த வேன் வழியில் பழுதாகி மறுநாள்தான் வந்தது, வந்தபோது அதற்குத் தேவை இல்லாமல் இருந்தது. நீலமேகம் குளித்துவிட்டுப் படுத்தவன் மாதிரி கிடந்தான். மூன்றாம் நாளும் அப்படியே. பத்தாம் நாளும் அப்படியே. வெறுங்கையால் ஒன்பது வருஷம் மருந்து பிசைந்தவன், மூன்று வேளையும் அந்தக் குளத்து மீனையே தின்றவன், ஊரிலேயே கடைசியாகக் கெடவேண்டிய ஆள் அவன்தான் என்று சாருமதிக்குத் தெரியும். அழுதாள். அவள் அழுகிறபோது சுற்றியிருந்த பெண்களும் கூட அழுதார்கள், ஆனால் பத்து நாளைக்குமேல் யாரால் அழ முடியும், ஒவ்வொருத்தியாக முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

சிக்கல் என்னவென்றால், தெருவில் பிணம் கிடந்தால் கோயில் திறக்கக்கூடாது. அந்தத் தெருவில் அடுப்பு மூட்டக்கூடாது. முதல் வாரம் மேலத்தெருவே கீழத்தெருவில் போய்ச் சாப்பிட்டது. இரண்டாவது வாரம் கீழத்தெரு முகம் சுளித்தது. சித்திரையில் பிடாரியம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும். கூட்டம் போட்டார்கள். கோயில் வாசல் வேப்பமரத்தடியில் காலையில் உட்கார்ந்தவர்கள் வெயில் சாயும்வரை பேசினார்கள், கடைசியில் கலியமூர்த்தி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"பிணத்துக்கு அடையாளம் என்னங்க? நாத்தம். நாத்தம் எடுத்தாத்தான் பிணம். எந்தம்பி படுத்திருக்கான். குமரவேலு வர்றவரைக்கும் படுத்திருக்கட்டும். யாருக்கு என்ன இடைஞ்சல்?"

யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கோயில் திறந்தது, அடுப்பு எரிந்தது, காப்புக் கட்டியது, தேர் அவன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று தீபாராதனை காட்டிவிட்டுப் போனது. படுத்திருக்கிறவனைக் குளிப்பாட்ட வேண்டுமே என்று தினமும் காலையில் நாலு பேர் தூக்கிப் போய்க் கொல்லையில் குளிப்பாட்டி வேட்டி மாற்றினார்கள். படுத்திருக்கிறவனுக்கு இலை போட வேண்டுமே என்று அவன் அம்மா அஞ்சம்மாள் மூன்று வேளையும் இலை போட்டாள். குமரவேல் வீடியோவில் அண்ணன் முகத்தைப் பார்த்தான், முதலில் கதறினான், பிறகு வாரத்துக்கொருமுறை பார்த்தான், பிறகு, "அண்ணன் நல்லாத்தானே அண்ணி இருக்காரு, இந்த சீசன் முடியட்டும்" என்றான்.

ஆக, கடைசியில் இடைஞ்சல் சாருமதி ஒருத்திக்குத்தான்.

புருஷன் படுத்திருக்கிறான் என்றால் அவள் தாலியோடு இருக்க வேண்டும், பூ வைக்க வேண்டும், குங்குமம் இட வேண்டும். அவள் அழுதால், "ஆம்பளை படுத்திருக்கயில வீட்டுல என்ன அழுகை?" என்று அஞ்சம்மாள் கேட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் அவன் தலைமாட்டில் போட்ட முக்காலியில் உட்கார வேண்டும். பார்க்க வருகிறவர்கள் வருவார்கள். முதலில் உள்ளூர்க்காரர்கள், பிறகு சித்தாம்பூர்க்காரர்கள், பிறகு வேன் வைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். புதுப் பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டு காலில் விழுந்தார்கள். நித்திய சுமங்கலி என்று ஒருத்தி சொன்னாள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. புருஷன் சாகவே முடியாதவள் என்று அதற்கு அர்த்தம். முப்பத்தாறு வயதில் அந்தப் பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள், இறங்கினாள்.

வேலைக்குப் போகிற எட்டு மணி நேரம்தான் அவளுக்கு மூச்சு. அங்கே எல்லாம் ஒழுங்காகக் கெட்டது. கூடத்தின் பின்பக்கக் குப்பைத் தொட்டி நாறியது. சாப்பாட்டு நேரத்தில் தலைமை அதிகாரி ஜெசிந்தா மேடம் புளித்த தயிரைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு மூக்கைச் சுளிப்பார், சாருமதி அந்தக் கிண்ணத்தை ஏக்கத்தோடு பார்ப்பாள். சாயங்காலம் மதகைத் தாண்டி ஊருக்குள் கால் வைக்கும்போதே மறுநாள் காலை பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணுவாள். அவள் நீலமேகத்தை நேசித்தவள். அதனால்தான் இந்த வேதனை. அவன் செத்ததைவிட அவனைச் சாகவிடாமல் வைத்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. அவன் பொய்யும் சிரிப்பும், சைக்கிளில் வைத்து அவளைக் கரை கரையாகச் சுற்றிக் காட்டியதும், எல்லாம் அப்படியே முதல் நாள் மாதிரி அவளுக்குள் கிடந்தன. ஒன்றுகூட மங்கவில்லை, ஒன்றுகூட வலி குறையவில்லை. ஒரு நாள் கலியமூர்த்தியிடம் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"பெரியத்தான், அவரை எடுத்துடலாம்."

"எங்கம்மா எடுக்கச் சொல்ற? குமரவேலு வரட்டும்."

"அவரு வரமாட்டாரு."

"அப்பறம் என்ன, இருக்கட்டுமே. உனக்கு என்ன பாரம்? அவன் சோறு கேட்டானா, துணி கேட்டானா?"

அவருக்கு மேற்கொண்டு பேச நேரமில்லை. வைகாசிக் கடைசியில் பன்னிரண்டு குளமும் அறுவடை, நகரத்துப் பெரிய கடைக்காரர்கள் மொத்தமாக எடுக்கிறார்கள், அதற்குச் சான்றிதழ் வேண்டும். மாதிரி எடுக்க அதிகாரி வந்தார். மாப்பிள்ளைக் குளத்தில் வலை வீசினார்கள்.

மாதிரி எண் நானூற்றுப் பதினேழு சாருமதியின் மேசைக்கு வந்தபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் பூத்த வயிறு. கத்தியை வைத்தாள், மிளகளவு வெட்டினாள், தட்டில் வைத்தாள், பெட்டியை மூடினாள். மறுநாள் காலையில் திறந்தவள் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கோட்டை கட்டியிருந்தது. கட்டியிருந்தது என்றால் சாதாரணமாக இல்லை. அவள் ஒன்பது வருஷத்தில் பார்த்த அத்தனை கோட்டையையும் உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவு பெரிது, கிருமியெல்லாம் தட்டின் விளிம்பில் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. கை தவறியிருக்கும் என்று மறுபடி வைத்தாள். மறுநாளும் அதே. மூன்றாம் தடவையும் அதே. பெரியத்தான் கடைசியில் மாப்பிள்ளைக் குளத்திலும் மருந்தைக் கொட்டிவிட்டார், அவரை நம்பி நான் கையெழுத்துப் போட்டேனே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, மத்தியான வெயிலில் குளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தவரை மறித்தாள்.

"இதுல எத்தனை பொட்டலம் கொட்டுனீங்க?"

கலியமூர்த்திக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"யாரைப் பாத்து என்ன கேக்குற? இந்தத் தண்ணி மேல சத்தியமா ஒரு பொட்டலம் பிரிச்சதில்ல. இதுல தவிடும் பிண்ணாக்கும் தவிர வேற ஒண்ணும் விழுந்ததில்ல. தம்பியைக் குளிப்பாட்டுற தண்ணி மட்டுந்தான் விழுது."

"என்ன சொன்னீங்க?"

"அத வேற எங்கம்மா ஊத்துறது? கொல்லையில ஊத்துனா கோழி மிதிக்கும், தெருவுல ஊத்துனா மனுசன் மிதிப்பான். படுத்திருக்கிறவன் குளிச்ச தண்ணிய மிதிக்கலாமா? மத்தக் குளத்துல ஆளு இறங்கும். மரியாதையா இருக்கட்டும்னு தெனமும் அண்டாவுல பிடிச்சு இதுல கொண்டாந்து விட்டோம்."

அவர் சொன்னதில் துளி கள்ளம் இல்லை. தம்பிமேல் வைத்த மரியாதை, அவ்வளவுதான். ஊரில் கால் படாத தண்ணீர் அது ஒன்றுதான். சாருமதி குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தட்டில் அவள் பார்த்தது யாரை என்று அவளுக்குப் புரிந்தது. முழங்கை முட்டப் பிசைந்த கை, மூன்று வேளை தின்ற உடம்பு, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக் கழுவி இந்தக் குளத்தில் இறங்கி, மீனுக்குள் புகுந்து, பதினெட்டு மைல் தாண்டி அவள் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கலியமூர்த்தி மடையர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் குங்குமம் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊர்ப் பெண்களே அவள் வீட்டுக்கு வந்தார்கள். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னாள், ஒருத்தி கால் புண் ஆறிய மாமனாரைச் சொன்னாள், ஒருத்தி, "ஒரு வார்த்தைதானே சாரு, எப்பவும் எழுதுறதுதானே, நாங்க புதுசாவா கேக்குறோம்?" என்றாள். அது உண்மை. ஒன்பது தடவை எழுதியவள் பத்தாவது தடவை ஏன் எழுதக்கூடாது என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லோரும் பேசி முடித்தபிறகு அஞ்சம்மாள் மகன் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"குளத்தை வடிச்சா எல்லாம் பழையபடி கெட ஆரம்பிச்சுடும். நீ எழுதுனா எம்புள்ள செத்துப்போயிடுவான் தாயி."

"அத்தை, அவரு செத்து எழுபத்தொரு நாள் ஆச்சு."

எழுபத்தொரு நாளில் அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. சுவரோரம் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அஞ்சம்மாள் மருமகளை அடிக்கக் கையை ஓங்கினாள், ஓங்கிய கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் தன் வாயிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். சாருமதிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. மாமியார் மருமகள் இருவரில் ஒருத்திதான் அன்று ஜெயிக்க முடியும், கட்டிக்கொண்டால் தான் தோற்றுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

காலையில் கூடத்துக்குப் போய்த் தாளை எடுத்தாள். மாதிரி எண் நானூற்றுப் பதினேழு. எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. எழுதினால் அவனுக்குப் பிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் அவன் முகம்கூட இருக்காது. எழுதாவிட்டால் அறுபது வயதிலும் அவள் பூ வைத்துக்கொண்டு ஒரு நாற்பத்தொரு வயது ஆணின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். இரண்டும் அவளுக்குக் கண்முன்னால் தெரிந்தது. 'கண்டறியப்பட்டது' என்று எழுதினாள். அதோடு நிற்காமல் இன்னொரு தாளை எடுத்து, இது என் கணவரின் ஊர் மீன், ஒன்பது வருஷமாக எனக்கு இது தெரியும், பதினோரு குளத்திலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுதி, அதிலும் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஜெசிந்தா மேடத்தின் மேசைமேல் வைத்தாள். மேடம் இரண்டு தாளையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"சாரு, இது உன் வேலையைத் தின்னுடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"தட்டுல இருக்கிறது உறுதிதானா? வேற எதையாவது பாத்து மயங்கலையே?"

"மயங்கல மேடம். எனக்குத் தெரிஞ்சவர்தான்."

மேடத்துக்கு அது புரியவில்லை. கேட்கவும் இல்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பன்னிரண்டு குளத்து மீனையும் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள், தண்ணீரை ராப்பகலாக எஞ்சின் வைத்து வடித்தார்கள், கரையில் நின்று பார்த்த ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேலை போய் வீட்டில் இருந்த சாருமதியிடம் யாரும் பேசவில்லை. அவளுடைய மாவுப் பாத்திரத்தை நிழற்குடை வரிசையில் வைக்க விடவில்லை. அண்டா தூக்க ஆள் வரவில்லை. கலியமூர்த்தி மட்டும் வாசல்வரை வந்து, உள்ளே வராமல், "நீயும் அந்தத் தீவனத்தப் பிசைஞ்ச கைதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் இல்லை என்று சொல்லவில்லை. கடைசியாக மாப்பிள்ளைக் குளத்தை வடித்தார்கள். அதன் அடிச்சேறு வெயிலில் வெடித்த அன்று, காலை பத்து மணி இருக்கும், அஞ்சம்மாள் மகனுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்தினாள்.

மூன்று மாதமும் சேர்ந்து ஒரே மணி நேரத்தில் வந்தது. தெரு தாங்கவில்லை. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் கோயிலுக்குப் போக, பூசாரி பாதி பூசையில் கதவைச் சாத்தினார். அண்ணன் கொள்ளி வைக்கலாமா கூடாதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. குமரவேலுக்குப் போன் போட வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. கலியமூர்த்தி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தென்னங்கீற்றுக்கும் மூங்கிலுக்கும் ஆள் அனுப்பினார். அஞ்சம்மாளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டு வந்தார்கள், அவள் தெருவில் புரண்டு, "போயிட்டியா எஞ்சாமி" என்று கத்தினாள், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், முதல் ஒப்பாரி எழுந்தது.

"நீயும் வெளியில வாம்மா!" என்று கலியமூர்த்தி வாசலிலிருந்து கூப்பிட்டார். "நிக்க முடியாது! பாடை வரட்டும், வெளியில வா!"

சாருமதி வரவில்லை. முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில், அவன் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். இத்தனை நாளில் யாரும் உட்காரச் சொல்லாமல் அவள் அங்கே உட்கார்ந்தது அன்றுதான். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கைப் பொத்தவில்லை. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை இத்தனை வாரத்தில் முதல்தடவையாக ஒரு செத்தவனின் கையாக இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

நம்மில் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை. கடைக்குப் போகிறவனிடமும் கடல் தாண்டிப் போகிறவனிடமும் போய்ட்டு வா என்றுதான் சொல்வோம், போ என்று தனியாகச் சொன்னால் அபசகுனம், சொன்ன வாயைக் கழுவ வேண்டும். வாசலில் பாடை கட்டும் சத்தம் கேட்டது. சாருமதி குனிந்து அவன் காதுப்பக்கம் வாயை வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "போங்க" என்றாள்.